யாரும் எடுக்காத போன்

"யார் செஞ்சாங்கன்னு நீங்க கண்டுபிடிக்கவே வேணாம் மேடம். இரம் செய்யலைன்னு மட்டும் சொல்லிட்டா போதும்."

துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து இப்படிக் கேட்ட முதல் ஆள் ஜோவின் என்ற இந்த வாத்தியார்தான். ஓட்டலில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாடு வேண்டாம், இலை மட்டும் போடுங்கள் என்பதுபோல் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். பிரிஸ்கில்லா மேடம் சிரிக்கவில்லை.

நான் தபரேஸ். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவன். இப்போது பைபாஸ் ரோட்டில், லேஸ் மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில், மேடத்துக்கு உதவியாளன், வேன் டிரைவர், டீ வாங்குபவன், மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே சம்பளம். மேடம் வேலூரில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம் போடுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கத்தில் யார் இருமினாலும் நிஜ இருமலா என்று பார்ப்பார்.

ஜோவின் வாத்தியாருக்குப் பக்கத்தில் இருந்த பெண்தான் இரம். மாதனூர்க்காரி. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை, கம்பெனிகளுக்கெல்லாம் வார லீவு. லீவு நாளில் தூங்காமல் துப்பறியும் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரிது.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மேடம்.

வாத்தியார் சொன்னார். அவர் தனியார் பள்ளியில் தமிழாசிரியர், நாடகப் பைத்தியம். 'கண்கட்டுப் பாலம்' என்று ஒரு நாடகம் எழுதி, ஊர் மன்ற ஹாலில் போட்டார். அதில் ஒரு புதுமை. எல்லா நாடகத்திலும் செல்போனை அணையுங்கள் என்பார்கள். இவர் மேடையேறி, "அணைக்காதீங்க. போன் வந்தா எடுங்க, பேசுங்க, படம் புடிங்க. இது உங்க நாடகம்" என்று அறிவித்தார்.

"உருப்பட்ட மாதிரிதான்," என்றேன் நான்.

"தபரேஸ்," என்றார் மேடம். நான் வாயை மூடினேன்.

நாடகத்தின் உச்சக்காட்சியில் கதாநாயகி கண்ணைக் கட்டிக்கொண்டு உயரமான மரப்பரண் ஒன்றின் விளிம்பில் நிற்பாள். எதிரே இன்னொரு பரண், நடுவில் இடைவெளி. விளக்கெல்லாம் அணைந்துவிடும். அடியில் ஒளிந்திருக்கும் ஹபீப் என்ற எலக்ட்ரீஷியன் இடைவெளியில் பலகையை நகர்த்திப் போட்டுவிட்டு, பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய மணியை அழுத்துவார். மணி கேட்டதும் கதாநாயகி நடக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை, பலகை வருவதற்கு முன்பே ஒரு மணி அடித்தது. கதாநாயகி கிரேஸி நடந்தாள். இடைவெளியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது.

"விளக்கப் போட்டதும் எல்லாரும் என்னையே பாக்கறாங்க," என்றாள் இரம். "நான் முன் வரிசை. மணி என் சேருக்கு அடியிலதான் கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சு. என் போன்ல பழைய டெலிபோன் மணிதான் வெச்சிருக்கேன். ஆனா அன்னிக்கி சைலண்ட்ல இருந்துச்சு மேடம். அவசர ஆர்டர்னு காலைல ஓவர்டைம் வெச்சாங்க. கம்பெனிலேர்ந்து நேரா வந்தேன்."

அதை நான் நம்பினேன். கம்பெனி கேட்டில் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே எவன் போனாவது அலறினால் செக்யூரிட்டி ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். அதனால் பஸ் ஏறும்போதே கட்டைவிரல் தானாக சைலண்ட்டை அழுத்திவிடும். நான் வேலையை விட்டு மூன்று வருஷமாகியும் இன்னும் அழுத்துகிறது.

"இன்னிக்கி அஞ்சு மணிக்கு மன்றத்துல மீட்டிங்," என்றார் வாத்தியார். "செகரட்டரி இவ பேர்ல போலீஸ் கம்ப்ளெயின்ட் ரெடி பண்ணிட்டாரு. கம்பெனிக்கும் காப்பி போகுது."

"நாளைக்கு காலைல கம்பெனி பஸ் எனக்கு நிக்காது," என்றாள் இரம். "ஒரு கேட்ல போலீஸ் கேஸுன்னு வெளிய அனுப்பிட்டா, ஆம்பூர்ல வேற எந்த கேட்லயும் விடமாட்டாங்க மேடம். எங்க அப்பாவுக்கு மூச்சு முடியாது. வீட்ல நான்தான் சம்பாரிக்கிறேன். இந்த ஊர்ல எனக்கு ஆதரவா பேசினது ஜோவின் சார் ஒருத்தர்தான். அன்னிக்கி ஜனங்க என்ன சூழ்ந்துக்கினப்போகூட, சார்தான் ஓடி வந்து என்ன எழுப்பி, என் சேரையே தூக்கி ஒதுக்கி வழி பண்ணாரு."

"தங்கமான மனுஷன்," என்றேன் மனசார. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் ஒரு ஹால்ஸ் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மணி அடிச்சுது, சரி. அதை ஏன் யாரும் எடுக்கல? அத மட்டும் பாக்கலாம். வேனை எடு தபரேஸ்."

மன்றத்தின் செகரட்டரி கிருபானந்தம், தோல் மண்டிக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாலின் பூட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"செல்போனை வாசல்லயே வாங்கி வெச்சிடணும்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேட்டானா அந்த வாத்தி? புதுமையாம்! இப்ப ஒரு பொண்ணு கால் போச்சு."

எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. போன் கூடாது என்று குதித்தவர், போனால் கேடு வந்தால்தானே ஜெயித்தவர் ஆவார்? மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். "அக்கா, இந்தாளு மேல எனக்கு டவுட்டு."

"உனக்கு என் மேலயே டவுட்டு வரும்," என்றவர், செகரட்டரியிடம் திரும்பினார். "அன்னிக்கி வேற போன் அடிச்சுதா சார்?"

"அடிச்சுதாவா? சந்தை மேடம்! மொத ஷோவுல ஒண்ணுகூட அடிக்கல. கூப்பிடற சொந்தக்காரன் பூரா பக்கத்து சேர்லதான உக்காந்திருந்தான். ஆனா பேச வுட்றாங்கன்னு நியூஸ் பரவிடுச்சா, ரெண்டாவது ஷோவுக்கு வேணும்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. ஒருத்தன் கறி எடுத்தாச்சான்னு கேக்கறான். ஒரு பாய் வாணியம்பாடி சம்பந்தத்தப் பத்தி உருதுல பேசறாரு. பட்டம்மாள்னு ஒரு கிழவி, நாடகக் கதையப் பூரா பேத்திக்கு ஒப்பிக்கிது!"

"எல்லாரும் எடுத்துப் பேசினாங்க?"

"எடுக்காம? அதுவும் கூச்சமே இல்லாம. அதான் பர்மிஷன் குடுத்துட்டானே."

"விபத்து நடந்தப்ப அடிச்ச மணி எவ்ளோ நேரம் அடிச்சுது?"

"நல்லா நிதானமா அடிச்சுது. பொண்ணு விழுந்த பிறகுகூட கொஞ்ச நேரம்."

மேடம் என்னைப் பார்த்தார். "நம்ம ஊர்ல போன் எவ்ளோ நேரம் அடிக்கும்டா?"

"ஒரு ரிங்கு. மிஞ்சினா ரெண்டு. அப்புறம் கட். மிஸ்டு கால்தானக்கா நம்ம பொழப்பே. அதுக்கு மேல விட்டா அந்தப் பக்கம் எடுத்துத் தொலைச்சிடுவானேன்னு நெஞ்சு அடிச்சுக்கும். பேலன்ஸ் போச்சு."

"அப்ப விடாம அடிக்க விட்டது?"

"பேசியே ஆகணும்னு கூப்பிட்டவன்."

"சரி. பேசலாம்னு பர்மிஷன் இருக்கற ஹால்ல, எல்லாரும் கத்திப் பேசற ஹால்ல, அந்த ஒரு போனை மட்டும் ஏன் எடுக்கல? பேச இஷ்டம் இல்லன்னா ஏன் கட் பண்ணல?"

யோசித்தேன். "அக்கா... போன் இருந்துச்சு. அதோட ஆளு அங்க இல்ல."

"அதேதான். போனுக்குத் தடை போட்டிருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. அடிச்ச போனை எவனா இருந்தாலும் வெக்கப்பட்டுப் பைக்குள்ள அமுக்குவான். இங்க வெக்கப்பட அவசியமே இல்ல. அப்படியும் எடுக்கலன்னா, எடுக்க ஆள் இல்ல. சேருக்கு அடியில யாரோ ஒட்டி வெச்சுட்டுப் போன போன் அது."

கிருபானந்தம் மசியவில்லை. "அந்தப் பொண்ணு பயத்துல எடுக்காம இருந்திருப்பா."

"கிரேஸி விழுந்தப்புறம் பயம் வரலாம் சார். விழறதுக்கு முன்னாடி அடிச்ச மொத மணிக்கு எதுக்கு பயம்?"

"இதெல்லாம் வாய்ப் பேச்சு மேடம். வேற போன்னா, அது யாருது? அத சொல்லுங்க. இல்லன்னா அஞ்சு மணிக்கு மேல கம்ப்ளெயின்ட் ஸ்டேஷனுக்குப் போயிடும்," என்று அவர் பூட்டை ஆட்டிக்காட்டினார்.

அவரை நான் விடுவதாக இல்லை. "உங்க செல் நம்பர் குடுங்க சார்," என்றேன், பிடித்துவிட்ட குஷியில்.

"செல்லா? தூ! வீட்ல ரிசீவர் வெச்ச போன் இருக்கு. அதுவும் போன மாசம் கனெக்ஷன் கட் ஆயிடுச்சு."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடையைச் சுற்றிப் போனார். அங்கே ஹபீப் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பரணுக்கு அடியில் தான் உட்காரும் பொந்தைக் காட்டினார். மூன்று பக்கமும் கறுப்புத் துணி.

"இதுக்குள்ள நான் இன்னா பண்றேன்னு மேல இருக்கற யாருக்கும் தெரியாது மேடம். திரைக்குப் பக்கத்துல நிக்கற வாத்தியாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் மணி. பலகையப் போட்டுட்டேன், வான்னு அர்த்தம். அன்னிக்கி பலகைல கை வெச்சிருக்கேன், மணி கேக்குது. அட, கால் பட்டு என் மணிதான் அடிச்சிடுச்சோன்னு நானே குனிஞ்சு பாக்கறேன். அதுக்குள்ள தலைமேல தடால்னு சத்தம்." ஒயரைக் கீழே வைத்தார். "நான் இன்னும் சரியா தூங்கல மேடம்."

இவரையும் சந்தேகப்படலாமா என்று யோசித்தேன். மணியைத் தெரியாமல் மிதித்துவிட்டு இப்போது நடிக்கிறாரோ? ஆனால் மணி முன் வரிசையில் கேட்டதாக இரமே சொல்கிறாள். அவள் தனக்கு எதிராகவே ஏன் பொய் சொல்லப்போகிறாள்?

வேலூருக்கு வேனை விரட்டினேன். கிரேஸி நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, தான் டியூட்டி பார்த்த வார்டிலேயே, காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தாள்.

"போன வாரம் வரைக்கும் நான் எல்லாரையும் அதட்டுவேன். இப்ப என்னை அதட்டறாங்க," என்றாள். இரம் பேரை எடுத்ததும் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இருக்கு. இருக்காதா? திரும்ப வார்டுல நிக்க முடியுமான்னே தெரியல. கம்ப்ளெயின்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"மணி அடிச்சதுலேர்ந்து என்ன நடந்துதுன்னு மட்டும் சொல்லும்மா," என்றார் மேடம்.

"கண்ணக் கட்டியிருக்கு. ஹபீப் அண்ணன் எப்ப அடிப்பாருன்னு நின்னுக்கினு இருக்கேன். ரிகர்சல்லயே ஒரு நாள் சீக்கிரம் அடிப்பாரு, ஒரு நாள் லேட்டாகும். மணி கேட்டுச்சு, காலைத் தூக்கிட்டேன். பாவம், ஜோவின் சார்தான் காப்பாத்தப் பாத்தாரு. மொத மணி அடிச்ச உடனே திரைக்குப் பின்னாலேர்ந்து, 'கிரேஸி, அது இல்ல! அது இல்ல!'ன்னு கத்தினாரு. என் காதுல விழுந்துது. ஆனா ஒடம்பு முன்னால போயிடுச்சே."

"பாத்தீங்களா?" என்றேன் நான். "நான் அப்பவே சொன்னேன், தங்கமான மனுஷன்னு."

மேடம் வாயிலிருந்த ஹால்ஸைக் கடக்கென்று கடித்தார். வேனில் திரும்பி வரும்போது பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பேஜாராக இருந்தது. நாலரைக்கு மேல் ஆகிவிட்டது, கையில் ஒன்றுமில்லை, பாவம் அந்தப் பெண் என்று ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே ஓட்டினேன்.

மன்ற ஹாலில் கிருபானந்தம் மேஜைமேல் கம்ப்ளெயின்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹபீப் சுவர் ஓரமாக நின்றார். இரம், அவள் அம்மா முனவ்வர் பேகம், இருவருக்கும் நடுவில் ஜோவின் வாத்தியார். அவர் அந்த அம்மாவுக்கு மெதுவாக ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது இரம் போன் இல்ல, வேற போன்னு சொன்னீங்களாமே மேடம்! செகரட்டரி சார் சொன்னாரு," என்று எழுந்தார் வாத்தியார். "ரொம்ப தேங்க்ஸ். அது போதும். எவனோ ஊர் பேர் தெரியாதவன் வெச்ச போன். விட்டுடலாம்."

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் மேடம். "மணி கேட்டதும் கிரேஸி அது மேடை மணின்னு நெனச்சா. அடியில மணியக் கைக்குப் பக்கத்துல வெச்சிருந்த ஹபீப் அண்ணனே தன் மணிதான்னு நெனச்சு குனிஞ்சு பாத்தாரு. நீங்க திரைக்குப் பக்கத்துல நின்னீங்க. அங்கேர்ந்து ஹபீப் அண்ணன் தெரியமாட்டாரு. பலகையப் போட்டாரா, அடிச்சாரா, எதுவும் தெரியாது. அப்படி இருக்க, மொத மணியிலேயே 'அது இல்ல'ன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அந்த ஆளைத் தங்கம் என்று ஒரே நாளில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்!

"அது... ஒரு ஊகம்," என்றார் வாத்தியார்.

"ஜனங்க இரமைச் சூழ்ந்துக்கிட்டப்போ ஓடி வந்து அவளை எழுப்பினீங்க. அவ சேரை நீங்களே தூக்கி ஒதுக்குனீங்க. அத்தனை சேர் இருக்க, அந்த சேரை ஏன் சார்? அடியில ஒட்டியிருந்ததை எடுக்கத்தானே?"

வாத்தியார் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார், வகுப்பில் பேசுகிற கணீர்க் குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"மொத ஷோவுல ஒரு போன்கூட அடிக்கல மேடம். எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. ரெண்டாவது ஷோவுக்கு மெட்ராஸ்லேர்ந்து பத்திரிகைக்காரர் வர்றாருன்னு தெரிஞ்சுது. ஒரு பழைய போன் வாங்கி, நல்லா சத்தமா இருக்கட்டும்னு டெலிபோன் மணி வெச்சு, முன் வரிசையில ஒரு சேருக்கு அடியில ஒட்டினேன். அங்க யாரு வந்து உக்காருவாங்கன்னு எனக்குத் தெரியாது. சந்தைக் காட்சியில, ஆரம்பத்துலயே, என் போன்லேர்ந்து அடிச்சேன். லைன் போகல. அதுக்குள்ள ஜனங்க போனெல்லாம் தானா அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. அவ்ளோ சந்தோஷம் மேடம் எனக்கு! என் போனை மறந்தே போயிட்டேன்."

"லைன் கெடைக்கலன்னா அதுவே திருப்பித் திருப்பி அடிக்கற மாதிரி செட் பண்ணி வெச்சிருந்தீங்க," என்றார் மேடம்.

"ஆமா. ஊரே பேசினதுல டவர் நெரிசல். பாக்கெட்டுக்குள்ள அது அடிச்சிக்கிட்டே இருந்திருக்கு. இருட்டுல, எல்லாரும் அமைதியா இருந்தப்போ, லைன் கெடைச்சிடுச்சு. மணி கேட்ட உடனே எனக்குப் புரிஞ்சுடுச்சு. கத்தினேன். லேட்டு."

கிருபானந்தம் துள்ளி எழுந்தார். "நான் சொன்னேனா இல்லியா? போனை உள்ள விட்டா இதான்! வாசல்லயே வாங்கி வெச்சிருந்தா..."

"வாசல்ல வாங்கியிருந்தாலும் இவர் போன் உள்ளதான் சார் இருந்திருக்கும்," என்றார் மேடம் சலிப்பாக. "நாடகக்காரரை யாரு சோதனை போடப்போறீங்க? அந்தப் பேப்பர்ல இரம் பேரை அடிச்சிடுங்க."

செகரட்டரி பேனாவை எடுத்தார். இரம் பேர்மீது கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் ஜோவின் பேரை எழுதப் போனவர், நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தார். ஜோவின் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்தே அவரைப் பார்த்து வருகிறவராம். எழுதத்தான் செய்தார்.

"நான் வேணும்னு செய்யல," என்றார் வாத்தியார் இரமிடம். "வேலை போயிடும்னு பயம். வாய் தொறக்க முடியல. ஆனா உன்னை விட்டுடக் கூடாதுன்னுதானேம்மா இவங்ககிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன்? என் சொந்தக் காசுல..."

இரம் அழவில்லை. காலையில் அவ்வளவு அழுதவள், இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள், மேடம் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை.

"சார், புதன்கெழமை எங்க வீட்டுக்கு வந்தீங்க. அப்பா கட்டில்கிட்ட உக்காந்து, உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி அழுதீங்க. எங்கம்மா உங்களுக்குத் தண்ணி குடுத்து, அழாதீங்க சார்னு சமாதானம் சொன்னாங்க," என்றாள். "அப்ப அந்த போன் எங்க சார் இருந்துச்சு?"

வாத்தியாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

முனவ்வர் பேகம் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, மகளின் தோளைத் தொட்டார்.

"வா இரம். காலைல பஸ்ஸு சீக்கிரம் வந்துடும்," என்று சொல்லிவிட்டு, வாத்தியாரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.